வாழைப்பழத் தடுப்பூசி எங்கே போச்சு?

மணப்பாறைக்காரர் கேட்டது:

ப்ளஸ் டூ படிக்கும்போது உயிரியல் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. மரபணு மாற்றிய வாழைப்பழத்தைச் சாப்பிட்டால் மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்ட மாதிரி என்று. பரீட்சையிலும் வந்தது, எழுதி மார்க்கும் வாங்கினேன். இப்போது என் பையன் கிட்டத்தட்ட அதே பத்தியைப் படிக்கிறான். பழம் மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை. மருந்து கம்பெனிக்காரன் அமுக்கிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, காலை

யாரும் அமுக்கவில்லை. பாதி வழி வந்து உட்கார்ந்துவிட்ட விஷயம் இது.

அமெரிக்காவில் சார்லஸ் ஆர்ன்ட்சன் என்று ஒரு தாவர ஆராய்ச்சியாளர். அவரும் ஹ்யூ மேசனும் சேர்ந்து, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் நுழைத்து, செடியே அந்தப் புரதத்தைச் செய்கிறது என்று 1992-இல் காட்டினார்கள். முழு வைரஸ் கிடையாது, அதனால் நோய் வராது. நாம் போட்டுக்கொள்ளும் ஹெபடைடிஸ் பி ஊசியிலும் இருப்பது இதே புரதம்தான், அதை ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள். ஈஸ்ட் செய்வதைச் செடி செய்யாதா என்று பார்த்தார்கள், செய்தது.

வாழைப்பழம் உள்ளே வந்தது பாங்காக்கில். அங்கே ஒரு தாய் அழுத குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டி அமர்த்தியதைப் பார்த்து யோசனை வந்ததாக ஆர்ன்ட்சனே சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஊசி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, நர்ஸ் இல்லை, கொல்லையில் ஒரு மரம் போதும் என்று எழுதித் தள்ளினார்கள். நம் பாடப்புத்தகம் வரை வந்தது அந்த அலைதான்.

ஆனால் மனிதர்கள் முதலில் சாப்பிட்டது வாழைப்பழம் அல்ல, உருளைக்கிழங்கு. பச்சை உருளைக்கிழங்கு.

ஜூன் 3, இரவு

"பச்சையாகவா?" என்று கேட்டவருக்கு: ஆமாம், தோலை உரித்து, துண்டு போட்டு, அப்படியே. வேகவைத்தால் புரதம் குலைந்துவிடும். சிறிது நேரம் அவித்துப் பார்த்தபோது சுமார் பாதி தப்பியது என்றும் ஒரு கணக்கு உண்டு. நம்மூர் உருளைக்கிழங்கு பொரியலுக்கு அந்தச் சலுகை செல்லாது.

அந்தச் சோதனை அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி மையத்தில் நடந்தது. முடிவு 1998-இல் வெளிவந்தது. மொத்தம் 14 பேர். 11 பேருக்கு மாற்றிய கிழங்கு, 3 பேருக்குச் சாதாரணக் கிழங்கு. வயிற்றுப்போக்கு தரும் ஒரு வகை ஈ. கோலை பாக்டீரியாவின் நச்சில் தீங்கில்லாத பாகத்தை மட்டும் கிழங்கு செய்துகொண்டிருந்தது. 50 கிராமோ 100 கிராமோ, இடைவெளி விட்டு மூன்று தடவை. 11-இல் 10 பேருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியது. 6 பேருக்குக் குடலிலும் தெரிந்தது.

முதல் முயற்சிக்கு இது அருமையான முடிவு. நான் இதைப் படித்த காலத்தில் இனி பத்தே வருஷம் என்று நினைத்தேன். நான் மட்டுமா, ஊரே நினைத்தது.

ஜூன் 4

ஏன் வாழை இல்லை, ஏன் கிழங்கு? இதற்கு என்னிடம் சொந்தச் சரக்கு உண்டு. தேனிப் பக்கம் ஒரு தனியார் கூடத்தில் வாழைத் திசு வளர்ப்பில் வேலை பார்த்தவன் நான். மரபணு மாற்றமெல்லாம் கிடையாது, ஜி9 என்ற சாதாரண வாழை ரகத்தின் கன்றுதான். அதுவே போதும் போதும் என்றாகிவிடும்.

ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எடுத்து வந்து, மட்டையை ஒவ்வொன்றாக உரித்து, நடுவில் இருக்கும் வெள்ளைக் குருத்தை வெட்டி பாட்டிலுக்குள் வைப்போம். மறுநாள் வந்து பார்த்தால் குருத்தைச் சுற்றி ஊட்டக்கூழ் காபித் தூள் நிறத்துக்குக் கறுத்திருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் கசியும் பால் காற்றுப்பட்டுக் கறுக்கிறது, கன்று தன் விஷத்திலேயே தானாகச் சாகும். கூடத்தில் இதை 'பிரவுனிங்' என்போம். அதற்குத் தப்பினால் பூஞ்சை. பூஞ்சைக்குத் தப்பினால் கடைசியில் நிழல்வலையில் வெயில் பழக்கும்போது பாதி சுருண்டுவிடும்.

இது முழுக் குருத்தை வைத்துச் செய்வது. மரபணு மாற்றம் என்றால் ஒரே ஒரு செல்லிலிருந்து ஒரு முழு வாழையை எழுப்ப வேண்டும். எழுப்பி, நட்டு, தார் விட்டு, பழுத்த பிறகுதான் பழத்தில் புரதம் இருக்கிறதா என்றே தெரியும். இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. உருளைக்கிழங்கு சில மாதத்தில் பதில் சொல்லிவிடும், புகையிலை அதைவிடச் சீக்கிரம். ஆராய்ச்சி மாணவன் வாழையை எடுத்தால் பட்டம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும்.

வாழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நாம் சாப்பிடும் வாழையில் முளைக்கும் விதை கிடையாது, மகரந்தத்தால் ஊர் சுற்றாது. மாற்றிய மரபணு பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவும் பயம் குறைவு. ஆனால் நம்மூரில் மகரந்தம் பரப்பாததை மாமியார் பரப்பிவிடுவார். நல்ல காய் காய்க்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாரமே கன்று சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும்.

ஜூன் 5

என் அக்கா கிராம சுகாதார செவிலியர். இந்த இழையை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "ஏன்டா தம்பி, ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் எப்ப போடுறோம் தெரியுமா?"

பிறந்து 24 மணி நேரத்துக்குள். தாயிடம் வைரஸ் இருந்தால் பிரசவத்திலேயே குழந்தைக்குத் தொற்றிவிடும், அதனால் அவ்வளவு அவசரம். அப்புறம் 6, 10, 14-ஆவது வாரம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் இதே அக்காதான். ஆக, குழந்தை முதல் கவளம் வாழைப்பழம் தின்னும் வயசு வருவதற்குள் ஹெபடைடிஸ் பி அட்டவணையே முடிந்துபோகிறது.

இதை அத்தனை விஞ்ஞானிகளும் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் வாழைப்பழக் கதையை எழுதிய ஒரு கட்டுரையிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை. அக்கா அரை நிமிடத்தில் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் 2011 டிசம்பரிலேயே ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாக பென்டாவேலன்ட் வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி அதற்குள்ளேயே இருக்கிறது. வாழைப்பழம் வந்தாலும் குழந்தைக்கு ஒரு குத்துகூடக் குறையாது, ஏனென்றால் மற்ற நான்குக்காக அதே ஊசி போட்டே ஆக வேண்டும்.

ஜூன் 6

மணப்பாறைக்காரர் விடவில்லை. "விலை? ஊசி ஏழைக்கு எட்டாததால்தானே பழம் வேண்டும் என்றார்கள்?" என்கிறார்.

1992-இல் அது நியாயமான கேள்வி. அப்போது நமக்குக் கிடைத்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இறக்குமதிச் சரக்கு, வசதியுள்ளவன் போட்டுக்கொண்டான். 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே ஈஸ்டில் செய்து இறக்குமதி விலையில் ஒரு சின்னப் பங்குக்கு விற்க ஆரம்பித்தது. மற்ற இந்தியக் கம்பெனிகளும் இறங்கின. விலை சரிந்தது. வாழை பழுப்பதற்குள் ஈஸ்ட் ஜெயித்துவிட்டது. மருந்து கம்பெனி அமுக்கியது என்பீர்களே, ஒரு வகையில் உண்மை. விலையை அமுக்கியது.

அப்புறம் டோஸ் கணக்கு. இதை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஹெபடைடிஸ் பி உருளைக்கிழங்கை மனிதர்களிடம் சோதித்த முடிவு 2005-இல் வந்தது. கிராமுக்குச் சுமார் 8.5 மைக்ரோகிராம் புரதம், ஒரு தடவைக்கு 100 கிராம் பச்சைக் கிழங்கு. அதாவது ஒரு தடவைக்கு 850 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஊசியில் போடுவது 10 அல்லது 20 மைக்ரோகிராம். நாற்பது மடங்குக்கும் மேல் கொடுத்து, மூன்று தடவை தின்ற 16 பேரில் 10 பேருக்குத்தான் ஆன்டிபாடி ஏறியது. இரண்டு தடவை தின்றவர்களில் 17-க்கு 9.

அதிலும் அவர்கள் எல்லாருமே முன்பே ஊசி போட்டிருந்த மருத்துவப் பணியாளர்கள். ஏற்கெனவே பழகிய உடம்புக்கு நினைவூட்டல்தான் நடந்தது. ஒன்றுமே போடாத குழந்தைக்கு இதை நம்பிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜூன் 6, மதியம்

"அப்படியானால் வாய்வழி மருந்தே வேலைக்காகாதா? போலியோ சொட்டு மருந்து?"

வேறுபாடு இருக்கிறது. போலியோ சொட்டில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். குடலுக்குள் போய்த் தானாகப் பெருகும். இரண்டு சொட்டு போதும். செடியில் வருவது வெறும் புரதம், பெருகாது. போனது எவ்வளவோ அவ்வளவுதான். அதிலும் வயிற்று அமிலத்துக்கும் நொதிகளுக்கும் பங்கு கொடுத்தது போக மிச்சம்.

செடியின் செல்சுவர் இங்கே கொஞ்சம் உதவுகிறது. இலையில் கட்டிய கட்டுச்சோறு மாதிரி புரதம் சுவருக்குள் பத்திரமாக வயிற்றைத் தாண்டும். குடலில் பிரியும்போது குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தெரிந்த புரதமாக இருந்தால் வேலை நடக்கும். ஈ. கோலை நச்சின் அந்தப் பாகத்துக்கும் காலரா நச்சின் பி பாகத்துக்கும் குடல் சுவரைப் பிடித்துக்கொள்வதே பிறவித் தொழில். அதனால்தான் 1998-இல் கிழங்கு ஜெயித்தது. ஹெபடைடிஸ் பி புரதத்துக்கு அந்தப் பிடி கிடையாது.

இன்னொரு தொல்லை. சாப்பாடாக வருவதை எதிர்க்காமல் இருக்க உடம்பு கற்றுவைத்திருக்கிறது. தினம் இட்லி தின்கிறோம், உடம்பு உளுந்துக்கு எதிராகப் படை திரட்டுவதில்லை. தடுப்பு மருந்தையும் அடிக்கடி சாப்பாடாகக் கொடுத்தால் 'இது நம்ம ஆள்' என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. அளவு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். இந்த லட்சணத்தில் ஒரு சீப்பில் ஒரு பழம் பெரிசு, ஒன்று சிறிசு.

ஜூன் 8

மருந்துப் பயிர் சாப்பாட்டுப் பயிரோடு கலந்துவிடும் என்ற பயம் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பாதி மிகை, ஆனால் அடிப்படை சரி. நடந்த கதை இருக்கும்போது கற்பனை எதற்கு?

டெக்சாஸில் புரோடிஜீன் என்று ஒரு கம்பெனி. பன்றிகளின் வயிற்றுப்போக்குக்குத் தடுப்பு மருந்து செய்ய மக்காச்சோளத்தை மாற்றி நெப்ராஸ்கா மாநிலத்தில் பயிரிட்டார்கள். அறுவடை முடிந்து அடுத்த பருவம் 2002-இல் அதே நிலத்தில் சோயா. சிந்திய மணிகள் தானாக முளைத்தன. அவற்றைச் சரியாகப் பிடுங்காமல் சோயாவோடு சேர்த்து அறுத்து, அந்தச் சோயா கிட்டங்கிக்குப் போய், அங்கே இருந்த ஐந்து லட்சம் புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) சோயாவோடு கலந்துவிட்டது. மொத்தத்தையும் அரசு நிறுத்திவைத்தது. இரண்டரை லட்சம் டாலர் அபராதம், சோயாவை வாங்கி அழிக்கும் செலவு சுமார் முப்பது லட்சம் டாலர். அயோவா மாநிலத்திலும் 155 ஏக்கர் மக்காச்சோளத்தை எரிக்க வைத்தார்கள்.

யாரும் சாகவில்லை, யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பயிரில் மருந்து வளர்க்கிறேன் என்று கிளம்பினால் முதல் எதிரி சுற்றுச்சூழல் இயக்கம் அல்ல, உணவு கம்பெனிகளே. தங்கள் பாக்கெட்டில் பன்றி மருந்து வந்துவிடுமோ என்ற பயம்.

திருச்சி வாழை மண்டியை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வந்து இறங்கும் தார்களில் எது மருந்து, எது பந்திக்கு என்று யார் பிரிப்பது?

ஜூன் 9

குடும்பக் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பினார்: 'வெளிநாட்டில் கீரையில் ரகசியமாகத் தடுப்பூசி கலக்கிறார்கள், பீட்சா பர்கர் சாப்பிடாதீர்கள்.' பீட்சா சாப்பிட வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு.

இதன் வேர் இதுதான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில், எம்ஆர்என்ஏ தடுப்பு மருந்தை லெட்டூஸ் கீரைச் செடியில் வளர்க்க முடியுமா என்று பார்க்க 2021-இல் ஐந்து லட்சம் டாலர் நிதி கிடைத்தது. 'முடியுமா' என்று பார்க்க. அந்தச் செய்தி ஊர் சுற்றி, 2024-இல் டென்னசி மாநிலத்தில் சட்டமே போட்டுவிட்டார்கள்: தடுப்பு மருந்து உள்ள உணவு எதுவும் மருந்தாகவே கருதப்படும் என்று. கடையில் இல்லாத ஒரு கீரைக்குச் சட்டம்.

சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அந்தச் சட்டம் சொல்வதில் தப்பில்லை. மருந்து என்றால் மருந்துதான். துறைக்குள்ளேயே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்: செடியில் செய்தாலும் மற்றத் தடுப்பூசிக்கு உள்ள அதே விதி, அதே தரச் சோதனை. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கட்டைவிரல் அனுப்பினார். படித்தாரா என்று கேட்கவில்லை.

ஜூன் 12

இத்தனையும் எழுதியதில் நான் இந்த யோசனைக்கே எதிரி என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை. பழத்துக்கு எதிரி, அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்தது அரிசி.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கியோனோவின் குழு காலரா நச்சின் பி பாகத்தை நெல்மணிக்குள் விளைய வைத்தது. பெயர் மியூகோரைஸ். 2007-இல் முதல் முடிவு. அரிசியில் புரதம் சேமித்து வைக்கும் நுண்ணிய உருண்டைகள் இருக்கின்றன, மருந்துப் புரதம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வயிற்று நொதி அதைச் சுலபமாகத் தொட முடியவில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாமல் அறை வெப்பத்தில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கெடவில்லை.

அந்த ஒன்றரை வருஷத்தின் மதிப்பு அக்கா தடுப்பூசி எடுத்துப்போகும் வேக்சின் கேரியர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். உள்ளே நான்கு ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது, பென்டாவேலன்ட் உறைந்தால் வீண். வெளியே வைத்து, வேர்த்து, காதோரம் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும், அப்போதுதான் பெட்டிக்குள். அக்கா காலையில் ஐஸ் பேக்கைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டே போனில் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க ஒரு நாடு முழுக்க இத்தனை பேர் இப்படி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரன்ட் போனால் தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் குளிர்பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று அதன் மேலேயே உட்கார்ந்தவர்களும் உண்டாம்.

அரிசி அந்த வேலையைக் குறைக்கும். ஆனால் சோறாக வடித்து அல்ல. அரைத்துத் தூளாக்கி, நீரில் கலந்து குடிக்க வேண்டும். வயலில் நட்டதும் கிடையாது, மூடிய கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்தார்கள். நெப்ராஸ்கா பாடம்.

மனிதச் சோதனை முடிவு 2021-இல் வந்தது. 30 பேருக்கு மருந்து, 30 பேருக்குச் சாதாரண அரிசித் தூள். பெரிய பக்கவிளைவு எதுவும் இல்லை. மருந்து குடித்தவர்களில் 11 பேருக்கு ஆன்டிபாடி சரியாக ஏறவில்லை. ஏன் என்று தேடினால், அவர்கள் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை குறைவாக இருந்தது. மருந்து ஒன்றுதான், குடல்தான் ஆளுக்கு ஆள் வேறு.

ஜூன் 12, இரவு

மேலே கடைசியில் எழுதியது தூங்கவிடவில்லை. குடல் விவகாரம் நமக்குப் புதிதா என்ன?

வேலூர் சிஎம்சியில் டி. ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னார்: மேல்நாட்டில் மூன்று தவணையில் பலன் தரும் போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு அந்த அளவு பலன் தரவில்லை, கூடுதல் தவணை வேண்டும் என்று. நாம் வருஷா வருஷம் சொட்டு மருந்து முகாமுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்குப் பின்னால் அந்தக் கண்டுபிடிப்பும் இருக்கிறது. ரோட்டா வைரஸ் சொட்டும் அப்படித்தான். பணக்கார நாடுகளில் இந்த வகை மருந்து கடுமையான வயிற்றுப்போக்கை 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்தில் சோதித்த நம் ரோட்டாவாக் முதல் வருஷத்தில் 56 சதவீதம். குறைவுதான், ஆனாலும் அத்தனை குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்புகிறார்கள் என்று கணக்குப் பார்த்து 2016-இல் அரசுத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

காரணம் ஒன்று அல்ல. தாய்ப்பாலில் இருக்கும் ஆன்டிபாடி, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற கிருமிகள், ஊட்டக் குறைவு, சுத்தமில்லாத தண்ணீரால் ஓயாமல் புண்பட்ட குடல் சுவர், எல்லாம் சேர்ந்து.

ஆக, வாய்வழி மருந்து எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது மோசமாக வேலை செய்கிறது. உயிருள்ள வைரஸுக்கே இந்தக் கதி என்றால் பெருகாத புரதத்துக்கு? 'ஊசி இல்லாமல் ஏழை நாடுகளுக்கு' என்று கிளம்பிய யோசனை பால்டிமோரில் நல்ல குடல் உள்ள 11 பேரிடம் ஜெயித்ததை நாம் எல்லாரும் முழு வெற்றியாக எடுத்துக்கொண்டோம். செடி தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சம் குடலில்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 15

கால்நடைக்காரர் ஒருவர், "மனுஷனை விடுங்கள், மாட்டுக்குச் செய்யலாமே" என்கிறார். செய்தார்கள், நம் பக்கத்திலேயே.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். எஸ். ஷைலா குழு, மாட்டு வெக்கை நோய் வைரஸின் ஒரு புரதத்தை நிலக்கடலைச் செடியில் விளைவித்து, அதை மாடுகளுக்குத் தின்னக் கொடுத்தது. 2003-இல் முடிவு: ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி வந்தது. துவரையிலும் அதே புரதத்தை விளைவித்தார்கள். கடலைக்கொடியை மாடு தின்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் பொருத்தமான செடித் தேர்வு இதுதான்.

ஆனால் நேரம் சரியில்லை. வெப்பம் தாங்கும் சாதாரண ஊசி மருந்தை வைத்தே வெக்கை நோயை உலகத்திலிருந்து ஒழித்துவிட்டார்கள், 2011-இல் அறிவிப்பு வந்தது. கடலைக்கு வேலை இல்லாமல் போனது. எதிரி செத்த பிறகு செய்து முடித்த வாள்.

கோழிக்கும் ஒன்று உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்குப் புகையிலைச் செல்லில் செய்த தடுப்பூசிக்கு 2006-இல் அமெரிக்க வேளாண் துறை அனுமதி கொடுத்தது. செடிச் செல்லில் செய்த தடுப்பூசிக்குக் கிடைத்த முதல் அனுமதி. கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை. அதுவும் தின்னக் கொடுப்பது அல்ல, ஊசிதான்.

இதே வெள்ளைக்கழிச்சலுக்கு நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குருணை மருந்து இருக்கிறது. மரபணு மாற்றம் ஒன்றும் இல்லை, வெப்பம் தாங்கும் ஒரு வைரஸ் வகையைத் தீனிக் குருணையில் ஏற்றிவிட்டார்கள். புறக்கடைக் கோழிக்குப் போட்டால் கொத்தித் தின்றுவிடும். வீட்டில் நான்கு கோழி வளர்ப்பவர் அவற்றைத் துரத்திப் பிடித்து ஊசி போடும் கஷ்டம் இல்லை. வாய்வழித் தடுப்பு மருந்தின் கனவு முழுசாக நடந்திருப்பது அங்கேதான், ஆனால் அதைப் பற்றி யாரும் பாடப்புத்தகத்தில் பத்தி எழுதுவதில்லை.

ஜூன் 19

மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளும் முன் ஹென்றி டேனியல் பற்றி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். செல்லின் நியூக்ளியஸை விட்டுவிட்டு இலையில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குள் மரபணுவை நுழைப்பது இவர் வழி. ஒரு இலைச் செல்லில் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ ஆயிரக்கணக்கான பிரதி இருக்கிறது, அதனால் புரதம் கொட்டும். பெரும்பாலான பயிர்களில் அது தாய்வழி மட்டுமே போகும், மகரந்தத்தில் ஏறாது. லெட்டூஸ் இலையை உறைய வைத்து உலர்த்திப் பொடித்து கேப்ஸ்யூலில் அடைத்தால் மாதக்கணக்கில் வெளியே வைக்கலாம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று அளந்து சொல்லவும் முடியும்.

போலியோவுக்கு அவர் யோசித்திருப்பது புத்திசாலித்தனம்: முதல் தடவை ஊசி போட்டுவிட்டு, அடுத்தடுத்த நினைவூட்டலை மட்டும் கேப்ஸ்யூலாகக் கொடுப்பது. எலியில் வேலை செய்திருக்கிறது. 2005 உருளைக்கிழங்கும் இதைத்தான் காட்டியது, பழகிய உடம்புக்கு நினைவூட்ட. ஜூன் 6 அன்று அந்தச் சோதனையைக் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருந்தேன். நினைவூட்டல் மட்டுமே நோக்கம் என்று வைத்துக்கொண்டால் 16-க்கு 10 அவ்வளவு மோசமில்லை.

ஆனால் பொடித்து, அளந்து, கேப்ஸ்யூல் போட்டு, சோதித்து, சீல் வைத்தால் அது தொழிற்சாலை மருந்து. கொல்லை மரம் போய்விட்டது, கூடவே 'கிட்டத்தட்ட இலவசம்' என்ற பேச்சும் போய்விட்டது. மிச்சம் நிற்பது ஐஸ் பெட்டி இல்லாமல் அனுப்பலாம் என்ற ஒரே லாபம். என்னைக் கேட்டால் அதுவே பெரிய லாபம்.

ஜூன் 20

மெடிகாகோ என்ற கம்பெனி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கனடாவின் கியூபெக்கில் புகையிலையின் உறவுக்காரச் செடியில் கோவிட் தடுப்பூசி செய்தார்கள். 2022 பிப்ரவரியில் கனடா அனுமதித்தது. மனிதருக்கு அனுமதி கிடைத்த செடித் தடுப்பூசி, ஆனால் ஊசி. சிகரெட் கம்பெனியான பிலிப் மோரிஸுக்குப் பங்கு இருந்ததால் உலக சுகாதார நிறுவனம் ஏற்க மறுத்தது. அடுத்த வருஷம் உரிமையாளரான மிட்சுபிஷி கெமிக்கல், மெடிகாகோவையே மூடிவிட்டது. மருந்து வேலை செய்யாததால் அல்ல.

ஜூன் 22

தனிச் செய்தியில் வந்த கேள்வி, இங்கேயே பதில்: "மியூகோரைஸ் விதைநெல் கொஞ்சம் கிடைக்குமா, அரை ஏக்கர் போட்டுப் பார்க்கலாம் என்று."

கிடைக்காது. கிடைத்தாலும் போடாதீர்கள். மரபணு மாற்றிய எதையும் நம் நாட்டில் 1989 விதிகளின்படி மத்தியக் குழுவின் அனுமதி இல்லாமல் நடக் கூடாது. பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய்க்கே 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் போட்ட தடை இன்னும் அப்படியே இருக்கிறது, அது வெறும் காய். நீங்கள் கேட்பது மருந்து. அப்புறம் உங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் பொன்னி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புரோடிஜீன் குறிப்பை இன்னொரு தடவை படியுங்கள். கோழிக் குருணை வேண்டுமானால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.